கடைசி மேசை

காளிராஜ் அன்றைக்கு வழக்கம்போலத் தோற்றிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. அதை நம்பித்தான் காலையில் ஆட்டத்துக்குப் பெயரே கொடுத்தான். ஞாயிறு காலை ஆட்டம், எந்தெந்த ஊரிலிருந்தோ நூற்றுக்கணக்கான பேர் போனைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள், நாம் எந்தக் காலத்தில் கடைசிவரை இருந்திருக்கிறோம், எட்டரை ஒன்பதுக்குள் எவனாவது நம்மைத் துடைத்து அனுப்பிவிடுவான், அப்புறம் நிம்மதியாகச் சாத்தூர் மண்டபத்தில் போய் இறங்கி மடியை விரித்து உட்கார்ந்தால் தங்கச்சி மகளுக்குக் காது குத்தியாகிவிடும். இப்படித்தான் நினைத்தான். மூன்று வருஷமாக இந்தச் சீட்டாட்டத்தில் அவன் போட்ட எந்தக் கணக்கும் பலித்ததில்லை, தான் தோற்போம் என்கிற கணக்கு மட்டும் ஒருநாளும் பொய்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்து அதுவும் பொய்த்துவிட்டது. வீட்டில் தோற்கவில்லை. வேனில் சிவகாசியிலிருந்து சாத்தூர் வரை சொந்தக்காரப் பிள்ளைகள் தலைமேல் ஏறி விளையாட, குனிந்த தலை நிமிராமல் ஆடியும் தோற்கவில்லை. இப்போது மண்டபத்து மாடியில், பெண் அறைக் கட்டிலில், பட்டு வேட்டி கசங்கக் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறான். மாப்பிள்ளை அறையில் பிளக் வேலை செய்யவில்லை என்று இங்கே வந்தான். எதிரே கண்ணாடியில் முந்தின கல்யாணத்துப் பெண் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள், கட்டிலுக்கடியில் வாடின மல்லிகை, குளியலறையில் ஒழுகுகிற குழாய். போனில் கடைசி மேசை. மிச்சம் ஒன்பது பேர், அதில் ஒருத்தன் இவன்.

கண் எரிந்தது. இந்தக் கண்ணுக்கு ஒருகாலத்தில் மரியாதை இருந்தது. அச்சகத்தில் கலர் பார்க்கிற வேலை, காலண்டர் முருகனின் உதட்டுச் சிவப்பு நூலளவு நகர்ந்திருந்தாலும் மிஷினை நிறுத்தச் சொல்வான், முதலாளியே வாய் திறக்க மாட்டார். அந்தக் கண்தான் இப்போது சீட்டைப் பார்க்கிறது, போட்டுவிடுகிறது, அடுத்த சீட்டைப் பார்க்கிறது. ஒவ்வொருவனுக்கும் கவிழ்த்த சீட்டு இரண்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. பிடிக்காவிட்டால் போட்டுவிடலாம், பிடித்தால் பந்தயத்தை ஏற்றலாம், துணிந்தால் பணத்துக்குப் பதிலாகக் கையிலிருக்கிற சிப்ஸ் வட்டு மொத்தத்தையும் நடுவில் தள்ளலாம். உன் முறை வந்தால் போன் ஒரு தடவை நடுங்கும். நீ தொடாவிட்டால் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதுவே உன் சீட்டைப் போட்டுவிடும். சில தடவை அப்படி ஆனால் உன் பெயருக்குக் கீழே ஆளில்லை என்று எழுதிவிட்டுக் கூப்பிடுவதையே நிறுத்திக்கொள்ளும். ஆனால் சீட்டு மட்டும் வந்துகொண்டே இருக்கும், முறை வைத்துப் போட வேண்டிய பந்தயத்தை உன் சிப்ஸிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். அப்படி ஆளில்லாத இடத்தைக் கண்டால் இவனுக்கு எரிச்சல் வரும். இத்தனை தூரம் வந்துவிட்டு எழுந்து போகிறவன் என்ன மனிதன் என்று நினைப்பான். மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட இவன் பெயருக்குக் கீழே அந்த எழுத்து வந்ததில்லை. காய்ச்சலில் ஆடியிருக்கிறான், பெரியப்பா இறந்த வீட்டில் பந்தலுக்குப் பின்னால் நின்று ஆடியிருக்கிறான். ஆடுவது பிடிக்கிறதா என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. முதல் வருஷம் பிடித்தது. இப்போது அலுப்பு, எலும்புக்குள் இறங்கிவிட்ட அலுப்பு. தூங்கினாலும் கண்ணுக்குள் சீட்டு புரள்கிறது. ஆனால் விட்டால் இந்த மூன்று வருஷமும் என்ன ஆகும் என்கிற பயம் ஒன்று இருக்கிறதே, அது அலுப்பைவிடப் பெரியது. ஒரே ஒரு பெரிய ஆட்டத்தில் பணம் அடித்தால் போதும், இன்றையது அப்படி ஒன்று. இதற்கு நுழைவுச் சீட்டே எளிதில் கிடைக்காது, சின்னச் சின்ன ஆட்டமாக ஆடி மாசக் கணக்கில் காத்துக்கிடந்து வாங்கியது. இன்றைய தேதிக்கு மட்டும்தான் செல்லும். வீணாகப் போக வேண்டாமே என்று உட்கார்ந்தான். வீணாகப் போயிருக்கலாம்.

கீழே நாயனம் நின்று மைக்கில் யாரோ இருமினார்கள். லச்சு அழுகிறாளா? இல்லை, அது வேறு குழந்தை. லக்ஷிதா என்று பெயர் வைத்து லச்சு என்று கூப்பிடுகிறார்கள், மூன்று வயசாகிறது, இன்னும் காது மூளியாக இருக்கிறது. மொட்டை அடித்து முடி வளர்கிறவரை தெருவில் எல்லாரும் பையன் என்றே நினைத்தார்கள். ஒரு வயசில் குத்தியிருக்க வேண்டியது. நாள் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஒரு ஆட்டம் இருக்கும்மா, தள்ளிவைக்க முடியுமா என்று இவன் கேட்டான். கேட்டானே, அந்த வாயை என்ன செய்வது. மாரீஸ்வரி தள்ளிவைத்தாள். அப்புறம் இன்னொரு ஞாயிறு, அதற்கும் ஏதோ சொன்னான். சம்பந்தி வீட்டில் முணுமுணுப்பு வந்தது. பெரியப்பா மகன் ராஜகுரு இருக்கிறாரே, உரக்கடை வைத்திருக்கிறார், கூப்பிட்ட குரலுக்கு வருகிறவர், அவரும் அண்ணன் முறைதானே, அவர் மடியில் வைத்துக் குத்திவிடலாமே என்றார்கள். மாரீஸ்வரி ஒரே பிடியாக நின்றாள். எங்க அண்ணன் மடியில உக்காந்துதான் எம்புள்ள காது குத்தும், இல்லன்னா குத்தவே வேண்டாம் என்று சொன்னாளாம். இதை அவள் இவனிடம் சொல்லவில்லை, அவள் புருஷன் குருசாமி சொன்னார். அச்சகத்து வேலையை விட்டபிறகு இவனை ஒரு ஆளாக மதித்துப் பேச்சில் எடுத்து வைக்கிற உயிர் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். இன்றைக்குச் சீர்த்தட்டில் இவன் வைக்கப்போகிற தோடுகூட அவள் வாங்கிக் கொடுத்தது. நீ வாங்குனதாவே இருக்கட்டும்ண்ணே என்று வேனில் ஏறும்போது கையில் திணித்தாள். அவளைப் பார்த்துத்தான் ஒருதடவை கத்தினான். போன வருஷம் தீபாவளிக்கு வந்திருந்தபோது, இவன் குளித்துக்கொண்டிருக்க, போன் நடுங்குகிறதே என்று பாவம் எடுத்துத் தொட்டுவிட்டாள், நல்ல சீட்டு போய்விட்டது. ஈரத்தலையோடு வந்து என்னென்னவோ சொன்னான். அவள் முகம் அப்படியே சுண்டிப்போனது. அதிலிருந்து இந்தப் போன் வழியில் கிடந்தால்கூடச் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறாள். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. வெட்கம் இருக்கிறதே தவிர அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கதவு தட்டப்பட்டது. யாரென்று தெரியும். "அண்ணே, ஆசாரி ஊசியெல்லாம் எடுத்து வச்சுட்டாரு. வாரியா?" என்றாள் வெளியிலிருந்தே. "இந்தா வந்துட்டேன்" என்றான். "பன்னெண்டு மணிக்கு எமகண்டம் பொறந்துரும்ண்ணே. மாமியா வேற கேட்டுட்டே இருக்காக. ராஜகுரு அண்ணன மணையில உக்காரச் சொல்லவான்னு கேக்காக." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் வாரேன்மா. எவனையும் உக்கார வைக்காத." அவள் போகவில்லை, கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது, பிறகு படி இறங்குகிற சத்தம். மணி பதினொன்று நாற்பது. சரி, தோற்றுவிடலாம் என்று அவன் முடிவு செய்தான். இதில் என்ன கஷ்டம், தினமும் செய்கிற காரியம்தானே. எழுந்து போகத்தான் முடியாது, அது அவனால் ஆகாது, வெளியே தள்ளப்பட்டால் போய்விடலாம். தள்ளப்படுவது பழக்கமான விஷயம், வலிக்கும், ஆனால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்காது. சீட்டு வந்தது. ஆட்டின் ஏழு, கிளாவர் இரண்டு. இந்த ஆட்டத்திலேயே இதைவிட மட்டமான சீட்டு கிடையாது, பச்சைப் பிள்ளைகூடப் போட்டுவிடும். மொத்தத்தையும் நடுவில் தள்ளினான். தள்ளிவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தே விட்டான். எட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சீட்டைப் போட்டுவிட்டார்கள். காலையிலிருந்து பூனைமாதிரி பதுங்கியிருந்தவன் திடீரென்று பாய்கிறான், கையில் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். அவன் அலுப்பில் பதுங்கியிருந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும். பந்தயம் இவனுக்கே வந்தது. மூன்று வருஷத்தில் இவனை யாரும் இவ்வளவு நம்பியதில்லை.

மறுபடியும் தள்ளினான், இந்தத் தடவை சீட்டைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, ஒன்பதும் நாலும் மாதிரித் தெரிந்தது. ஒருத்தன் எதிர்த்து வந்தான். அப்பாடா. அவனிடம் ஏசும் ராஜாவும். போதும், கதை முடிந்தது, காலுக்குச் செருப்பைத் தேடினான், இடது செருப்பு கட்டிலுக்கடியில் மல்லிகைக்குள் கிடந்தது. நடுவில் சீட்டு விழுந்தது. ஒன்பது. ஆறு. ராணி. அப்புறம் இன்னொரு ஒன்பது, இவன் கையிலிருந்ததோடு மூன்று. கடைசிச் சீட்டு எதையும் மாற்றவில்லை. எதிர்த்தவன் போய்விட்டான், அவன் வைத்திருந்ததெல்லாம் இவன் பக்கம் வந்து குவிந்தது. எட்டுப் பேரில் இவன் இரண்டாமிடம். ஒற்றைக் காலில் செருப்போடு மறுபடி கட்டிலில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததை அவன் தீர்மானிக்கவில்லை. இரண்டாமிடம். மூன்று வருஷத்தில் இது வந்ததில்லை. இன்னும் அரைமணி நேரம், முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். கூரை போட்டுவிடலாம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்துவிடலாம், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்கிறவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லலாம். தங்கச்சிக்குத் தோடு என்ன, ஒட்டியாணமே செய்து போடலாம், அப்போது யார் மடியில் குத்தினால் என்ன. இந்த இடத்தில் அவன் யோசனை தட்டி நின்றது. யார் மடியில் குத்தினால் என்ன. இதை நினைத்தது யார்? நான்தானா? அவளுக்குச் செய்யவேண்டும் என்பதற்காக அவளையே விட்டுவிடலாம் என்று இவ்வளவு சுளுவாக வருகிறதே. எத்தனை ஞாயிறு இதே கணக்கில் போயிருக்கிறது. ஜெயித்தபிறகு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் தள்ளிவைத்த முகங்கள் வரிசையாக வந்தன, பெரியப்பாவின் கட்டைவிரல் கட்டின கால் வந்தது. போன் நடுங்கியது. போட்டான். போன் நடுங்கியது. போட்டான். குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. கதவை யாராவது உடைத்து வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனால் தேவலை என்று இருந்தது. யாரும் வரவில்லை. அதுதான் அவனை எழுப்பியது. அவள் இனி தட்ட மாட்டாள், ராஜகுருவை உட்காரச் சொல்லிவிட்டு, அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துச் சம்பந்தி வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

சார்ஜரிலிருந்து போனைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். அணைத்துவிட்டுப் போகலாம், மனசு வரவில்லை. மணையில் ராஜகுரு உட்கார்ந்துதான் இருந்தார், லச்சு அவர் மடியில் ஏறாமல் தாயின் சேலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். இவனைக் கண்டதும் ராஜகுரு எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். "வாடா தம்பி, சூடு பண்ணி வச்சிருக்கேன் எடத்த" என்றார், நல்ல மனுஷன், அவ்வளவோடு விட்டார். "மச்சான், சீக்கிரம் உக்காருங்க" என்றார் குருசாமி. மாரீஸ்வரி குழந்தையைத் தூக்கி அண்ணன் மடியில் வைத்தாள், அவளுடைய கை சில்லென்றிருந்தது. ஆசாரி ஊசியைத் துணியில் துடைத்தார். "வலிக்காதுடா தங்கம், எறும்பு கடிக்கிற மாதிரி" என்றாள் சம்பந்தியம்மா. "வலிக்கவே வலிக்காது" என்றார் குருசாமி. காலையிலிருந்து எல்லாரும் இதையே சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது, லச்சு யாரையும் நம்புகிற மாதிரி இல்லை. இவன் நெஞ்சில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டாள். அப்போது போன் நடுங்கியது. "மாமா, சட்டைக்குள்ள என்னமோ உதறுது" என்றாள். "ஒண்ணுமில்லடா, போனு." அவள் தலையை ஒரு கையாலும் இரண்டு கையையும் இன்னொரு கையாலும் பிடிக்கச் சொன்னார் ஆசாரி. பிடித்தான். இனி அவனுக்கு மூன்றாவது கை கிடையாது. போன் நடுங்கியது, நின்றது. ஒரு சீட்டு போயிற்று. என்ன சீட்டோ. மறுபடி நடுங்கியது. குழந்தையின் கன்னமும் அவன் நெஞ்சும் சேர்ந்து நடுங்கின. இரண்டாவதும் போயிற்று. ஊசி இறங்கியது. லச்சு போட்ட அலறலில் நாயனமே தேவலை என்று ஆனது. கையை உருவிச் சட்டைப் பையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள், பை கிழிந்து போன் நழுவியது. மாரீஸ்வரி அதைக் கீழே விழாமல் பிடித்துவிட்டாள். பிடித்தவள், நெருப்பைத் தொட்டவள் மாதிரி இரண்டு விரலால் ஓரத்தைப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றாள்.

போன் தங்கச்சி கையில், இவன் நெஞ்சில் நடுக்கம் இல்லை. இந்நேரம் ஆளில்லை என்று எழுதியிருக்கும். மூன்று வருஷத்தில் முதல் தடவை. பயந்ததுபோல் ஒன்றும் இடிந்து விழவில்லை. அதற்குப் பதிலாக, இத்தனை நாளாகத் தேங்கிக் கிடந்த அலுப்பு மொத்தமும் ஒரேயடியாக இறங்கியது, தோள், முதுகு, கண் எல்லாம் தளர்ந்தது, பார்த்தால் அவன் அழுதுகொண்டிருந்தான். சத்தமில்லாமல், துடைக்கக் கையில்லாமல். "தாய்மாமன பாருடி, புள்ளைய விட அவருல்ல அழுகாரு" என்று சம்பந்தியம்மா தன் தங்கச்சியிடம் சொன்னாள். காது குத்துவதற்காக அவன் அழவில்லை, ஆனால் வேறு எதற்காக என்று கேட்டாலும் சொல்லத் தெரியாது. லச்சு ஏங்கி ஏங்கி நிமிர்ந்து பார்த்தாள். "முடிஞ்சிருச்சா மாமா?" சுற்றிலும் எல்லாரும் வாயைத் திறந்தார்கள், முடிந்துவிட்டது என்று சொல்லத்தான். இவன் முந்திக்கொண்டான். "இல்லடா. இன்னொரு காது இருக்கு. அதுவும் வலிக்கும்." "ரொம்பவா?" "இப்ப வலிச்ச அளவுக்கு." அவள் யோசித்தாள். பிறகு இவனுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, விட்டுவிடாதபடி விரலைக் கோத்துக்கொண்டு, மற்றக் காதைத் திருப்பினாள். தலையை ஆசாரியே பிடித்துக்கொண்டார். இந்தத் தடவையும் அலறினாள், ஆனால் கையை உருவவில்லை. கடைசியில் தோட்டைப் பூட்டித் திருகும்போது எமகண்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

பந்தி நடக்கும்போது அவன் மணைக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். லச்சு அவன் தோளில் தூங்கிவிட்டாள், காதுமடல் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. அந்தச் சிவப்பு அவனுக்குத் தெரிந்த எந்த மையிலும் வராது. அசைந்தால் விழித்துக்கொள்வாள் என்று மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டான். மாரீஸ்வரி இலையில் கொஞ்சம் கேசரி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, முந்தானையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தாள். திரை அணைந்திருந்தது.

"ஏழாவதுன்னு போட்டு நின்னுருச்சுண்ணே. நான் தொடல."

"ம்."

"உம்பேருக்குக் கீழ ஆளில்லன்னு எழுதியிருந்துச்சு. இங்கனதான இருக்கான்னு சொல்லணும்னு இருந்துச்சு, எங்க அமுக்கணும்னு தெரியல. அதான் கையிலயே வச்சிக்கிட்டு நின்னேன். சீட்டு பாட்டுக்கு வரும், போகும்." புடவையில் கையைத் துடைத்தாள். அப்புறம் தயங்கிக் கேட்டாள். "ரெண்டாவது காது குத்தும்போது ரெண்டு ராஜா வந்துச்சுண்ணே. ரெண்டும் ராஜா. நீ கத்துவியோன்னு தொடல. அது நல்ல சீட்டாண்ணே?"

இரண்டு ராஜா. இரண்டு ஏசை விட்டால் இதற்கு மேல் சீட்டே கிடையாது. கடைசி மேசையில். கையில் அத்தனை சிப்ஸ் இருந்தபோது. வலித்தது, வலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. தங்கச்சி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தீபாவளிக்குப் பார்த்த அதே பார்வை. தோளில் குழந்தை தூக்கத்தில் ஒரு தடவை விம்மிவிட்டு மறுபடி ஆழ்ந்தாள்.

"சுமாரான சீட்டுதாம்மா" என்றான். "நீ போய்ச் சாப்பிடு."